ஏதென்ஸா, யூபோயாவா? ஊர்ப்பெயர் இல்லாத வெள்ளிக் காசுகள்

கி.மு. 6ஆம் நூற்றாண்டின் பிற்பாதியைச் சேர்ந்த ஒரு கிரேக்க வெள்ளிக் காசு வரிசையில் ஓர் எழுத்துகூட இல்லை. முன்பக்கத்தில் சக்கரம், இருகைப்பிடி ஜாடி, குதிரையின் பின்னுடல், ஆந்தை, பாம்புக் கூந்தல் கொண்ட புராண அரக்கியான கோர்கனின் முகம் என ஏதேனும் ஒரு சின்னம் இருக்கும். பின்பக்கத்தில் மூலைக்கு மூலை கோடு பாய்ந்து, நான்கு முக்கோணங்களாகப் பிரிந்த சதுரக் குழி மட்டுமே. குலச்சின்னக் காசுகள் என்ற பொருளில் ஜெர்மன் அறிஞர்கள் இவற்றை வாப்பன்ம்யூன்ட்சன் என்றார்கள்.

இவற்றை அடித்தது ஏதென்ஸா, அதன் அருகே உள்ள யூபோயாத் தீவின் நகரங்களா என்பதே கேள்வி. யூபோயா என்றவர்கள் சின்னத்தை நம்பினார்கள். சக்கரம் பிற்காலத்தில் அத்தீவின் கால்கிஸ் நகரின் பெயர் பொறித்த காசுகளில் வருவதால் சக்கரக் காசு கால்கிஸுக்கும், கோர்கன் முகம் அதே தீவின் எரித்ரியா நகருக்கும் போயின. இரட்டைத் திராக்மாவின் (திராக்மா கிரேக்க நாணய அலகு) சுமார் 8.6 கிராம் எடை யூபோயாவுக்கும் ஏதென்ஸுக்கும் பொதுவானது என்பதால் தராசு இங்கே தீர்ப்புச் சொல்லாது. எனக்குச் சின்னத்தை வைத்துச் சொல்லும் இந்த வாதம் எப்போதுமே பலவீனமாகத்தான் பட்டிருக்கிறது. சின்னத்துக்கு ஓர் ஊர் என்று பங்கிட்டால், அத்தனை ஊர்களும் பின்பக்கத்தில் ஒரே குழியை ஏன் வெட்டின என்பதற்கு விடை இல்லை.

ஏதென்ஸ் தரப்புக்கு அந்தக் குழியின் ஒருமையே முதல் சாட்சி. இவை பெரும்பாலும் ஏதென்ஸைச் சுற்றியுள்ள அட்டிகா மண்ணிலேயே கிடைப்பது அதைவிட வலுவான சாட்சி. 1924இல் நாணய ஆய்வாளர் செல்ட்மன் ஏதென்ஸை வலியுறுத்தியதோடு நில்லாமல், ஒவ்வொரு சின்னத்தையும் ஒரு பிரபுக் குடும்பத்தின் கேடயச் சின்னமாக வாசித்தார். ஊர் நிலைத்தது, குடும்பக் கதை நிலைக்கவில்லை.

உலோக ஆய்வு முதல் பார்வையில் ஏதென்ஸுக்கு எதிரானது. ஏதென்ஸின் பெயர் பொறித்த பிந்தைய ஆந்தைக் காசுகளின் வெள்ளி அட்டிகாவிலேயே உள்ள லவ்ரியன் சுரங்கத்தைக் காட்ட, இவற்றின் வெள்ளியோ பெரும்பாலும் வேறு இடங்களைக் காட்டுகிறது. ஆனால் வெள்ளியில் கலந்திருக்கும் ஈயத்தின் ஐசோடோப்பு விகிதம் சுரங்கத்தைச் சொல்லுமே தவிர, காசு அடித்த பட்டறையைச் சொல்லாது. ஏதென்ஸை ஆண்ட பைசிஸ்ட்ராட்டஸுக்கு வடக்கே ஸ்ட்ரைமன் ஆற்றுப் பகுதியிலிருந்தும் வருவாய் வந்தது என்று பண்டைய கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரடோட்டஸே எழுதியிருக்கிறார்.

என்னை முடிவாக ஏதென்ஸ் பக்கம் சாய்ப்பது கோர்கன் முகம் கொண்ட நான்கு திராக்மாக் காசு. சுமார் 17 கிராம் எடையுள்ள அதன் பின்பக்கக் குழியில் முதல்முறையாகச் சிங்கத் தலையோ காளைத் தலையோ எட்டிப் பார்க்கிறது. அதே எடையில், அதே சதுரக் குழிக்குள் அடுத்து வந்து அமர்ந்தது, பக்கத்தில் ஏதென்ஸின் பெயரெழுத்துகளோடு, ஆந்தை.