புறா வலை: பதினான்கு மாதங்களுக்குப் பிறகு ஒரு மதிப்பீடு

சென்னை வேளச்சேரியில் அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றின் ஐந்தாவது தளத்தில் வசிக்கிறோம். பால்கனிக்கும், சமையலறையை ஒட்டித் துணி துவைக்கும் இடத்துக்கும் 2024 ஆகஸ்டில் புறா வலை, அதாவது புறாக்கள் உள்ளே வராமல் தடுக்கும் வலை, போட்டோம். ஒரு வடகிழக்குப் பருவமழை, ஃபெஞ்சல் புயல், ஒரு முழுக் கோடை ஆகியவற்றை அந்த வலை பார்த்துவிட்டதால், இப்போது அதைப் பற்றி எழுதலாம் என்று தோன்றுகிறது. வலை நல்ல வலை. போட்ட விதத்தில் இரண்டு குறைகள் இருந்தன. அவற்றில் ஒன்று பெரிய குறை. குறைகளையும் சொல்லப் போவதால் வேலை செய்த நிறுவனத்தின் பெயரைத் தவிர்த்துவிடுகிறேன். இந்த ஊரில் இத்தொழில் செய்யும் சிறு குழுக்களில் பல ஏறக்குறைய ஒரே பொருளை ஒரே முறையில்தான் போடுகின்றன என்பதால், பெயரைக் காட்டிலும் எதைக் கவனித்துப் பார்க்க வேண்டும் என்பதே வாசிப்பவர்களுக்கு உதவும்.

மாடப்புறா என்று நம் முன்னோர் வைத்த பெயரிலேயே பிரச்சினையின் காரணம் இருக்கிறது. மலைப்பாறையின் இடுக்குகளிலும் விளிம்புகளிலும் முட்டையிட்டு வாழ்ந்த பறவை, கோபுரத்து மாடங்களில் குடியேறியது. இன்று நாம் கட்டும் குடியிருப்புகளில் ஏ.சி.யின் வெளிப்பெட்டிக்குப் பின்னால் ஒரு சாண் இடைவெளி, குளியலறைக் காற்றுப்போக்கியின் விளிம்பு, குழாய்கள் இறங்கும் ஒடுங்கிய சந்து என்று தளத்துக்குத் தளம் மாடங்களைக் கட்டிக் கொடுத்திருக்கிறோம். எங்கள் வீட்டில் அது ஏ.சி. பெட்டிக்குப் பின்னால் கூடு வைத்திருந்தது. அதைக் கூடு என்று சொல்வதற்குக் கொஞ்சம் தாராள மனம் வேண்டும். எங்கள் வீட்டுத் தென்னந்துடைப்பத்திலிருந்தே உருவிய பத்துப் பதினைந்து ஈர்க்குச்சிகள், ஒரு நீலநிறக் கேபிள் துண்டு, காய்ந்த எச்சம், அவற்றின் நடுவே இரண்டு வெள்ளை முட்டைகள், அவ்வளவுதான்.

வலைக்கு முன்னால் வேறு வழிகளையும் முயன்றோம். பழைய குறுந்தகடுகளைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டதற்கு நான்கு நாள் மரியாதை கிடைத்தது. கடையில் வாங்கிய பிளாஸ்டிக் ஆந்தையின் தலைமேல் இரண்டாவது வாரமே ஒரு புறா உட்கார்ந்திருந்தது. கைப்பிடிச் சுவரின் மேல் ஒட்டிய முள்பட்டைகள் அந்த இடத்தில் மட்டும் பலித்தன, ஆனால் ஏ.சி. பெட்டியின் மேல் வைத்த பட்டையின் முட்களையே ஆதாரமாகக் கொண்டு, குச்சிகள் நழுவாத உறுதியான கூடு ஒன்றை அவை கட்டிக்கொண்டன. பிசின் போன்ற பசையை மட்டும் நான் வாங்கவில்லை. அதில் சிறு பறவைகளும் ஓணான்களும் ஒட்டிக்கொண்டு சாகும் என்பதால் எவரும் வாங்க வேண்டாம் என்றே சொல்வேன்.

எச்சத்தை வெறும் அருவருப்பாக மட்டும் நினைத்துத் தள்ளிப்போடவும் முடியாத நிலை. அம்மாவுக்கு எழுபத்திரண்டு வயது, இழுப்பு உண்டு. காய்ந்த எச்சத்தின் தூளையும் இறகுத் துகளையும் தொடர்ந்து சுவாசிப்பவர்களுக்கு நுரையீரலில் ஒவ்வாமை அழற்சி வரலாம்; நாள்பட விட்டால் அது நிலையான தழும்பாகவும் மாறலாம். கிரிப்டோகாக்கஸ் போன்ற பூஞ்சைகளும் அந்த எச்சத்தில் வளரக்கூடியவை. அம்மாவைப் பார்க்கும் நெஞ்சுநோய் மருத்துவர் இன்ஹேலரை மாற்றி எழுதுவதற்கு முன்பு கேட்ட முதல் கேள்வியே வீட்டில் புறாத் தொல்லை உண்டா என்பதுதான்.

தொலைபேசியில் அழைத்த மறுநாளே அளவெடுக்க வந்தார்கள். பால்கனி பதினொன்றுக்கு ஒன்பது அடி, துணி துவைக்கும் இடம் ஐந்துக்கு ஒன்பது அடி, ஆக 144 சதுர அடி. நைலான் வலைக்குச் சதுர அடிக்கு 22 ரூபாய் வீதம் 3,168 ரூபாயும், ஏ.சி. பெட்டியைச் சுற்றித் தனியாக மூட 900 ரூபாயும் கேட்டார்கள். பேரம் பேசி மொத்தம் 4,000 ரூபாய்க்கு முடித்தோம். விலை குறைந்த பிளாஸ்டிக் வலையும் காட்டினார்கள். அது தடித்த பச்சை நூலால் ஆனது. பால்கனியைக் கோழிக்கூண்டாகக் காட்டும் என்று அம்மா மறுத்துவிட்டார். நைலான் வலையோ வெயிலில் பத்தடி தள்ளி நின்று பார்த்தால் கண்ணுக்கே தெரிவதில்லை. கண்ணியின் அளவு ஐந்து சென்டிமீட்டர். புறாவைத் தடுக்க அதுவே போதும். குழந்தை விழாமல் காக்கப் போடும் வலை வேறு, இது வேறு என்பதையும் வந்தவர் தானாகவே எடுத்துச் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது. இரண்டையும் ஒன்றாகச் சொல்லி விற்பவர்களும் இருக்கிறார்கள்.

முட்டை விஷயத்தில்தான் அவர்கள் மேல் எனக்கு மதிப்பு வந்தது. ஏ.சி. பெட்டிக்குப் பின்னால் எட்டிப் பார்த்துவிட்டு, "மேடம், முட்டை இருக்கு. இப்ப மூடினா தாய் வெளிய, குஞ்சு உள்ள மாட்டிக்கும். பொரிச்சுப் பறக்கட்டும், அப்புறம் வர்றோம்" என்றார் அவர். முட்டை பொரிய ஏறத்தாழ பதினெட்டு நாள். குஞ்சு இறகு முளைத்துப் பறக்க மேலும் ஒரு மாதத்துக்கு மேல். ஆணும் பெண்ணும் மாறி மாறி அடைகாத்து, இரண்டுமே தம் தொண்டைப்பையில் சுரக்கும் பாலைக் குஞ்சுகளுக்கு ஊட்டுவதைச் சமையலறைச் சன்னல் வழியாக ஏழு வாரம் பார்த்தோம். சபித்துக்கொண்டிருந்த அம்மாவே கடைசி வாரத்தில் குஞ்சுகள் எழுந்து நின்றனவா என்று காலைக் காப்பிக்கு முன் விசாரிக்கத் தொடங்கியிருந்தார். இதில் ஒரு சிக்கல் உண்டு. நம் ஊர் வெப்பத்தில் அவை ஆண்டு முழுவதும் முட்டையிடும் என்பதால், குஞ்சு பறந்த பிறகு நாம் தாமதித்தால் அடுத்த ஈடு வந்துவிடும். பறந்த மறுநாளே அழைத்தேன். அதற்கு அடுத்த நாள் வந்து முடித்துவிட்டார்கள்.

வேலைநாளில் இருவர் வந்தார்கள். முதல் குறை அங்கேயே தொடங்கியது. ஒட்டிப்போயிருந்த எச்சத்தைச் சுரண்டி அகற்றுவதும் ஒப்பந்தத்தில் அடங்கும். இளையவர் முகக்கவசம்கூட அணியாமல், ஒரு சொட்டுத் தண்ணீர் தெளிக்காமல், துடைப்பத்தை எடுத்து வறட்டு எச்சத்தைக் கூட்டத் தொடங்கினார். வெள்ளைத் தூள் எழும்பி வீட்டுக்குள் வருவதைப் பார்த்து நான் கதவைச் சாத்திவிட்டு வாளியில் தண்ணீரும் இரண்டு முகக்கவசங்களும் கொண்டு போய்க் கொடுக்க வேண்டியிருந்தது. நன்றாக நனைத்து ஊறவிட்டு, பிறகு வழித்தெடுத்துப் பையில் கட்ட வேண்டும்; இந்தத் தொழிலில் அரிச்சுவடி இதுதான். எங்கள் நுரையீரலுக்காக இல்லாவிட்டாலும், நாள்தோறும் இதையே சுவாசிக்கும் அந்தப் பையனுக்காகவாவது அவருடைய முதலாளி கற்றுக்கொடுத்திருக்க வேண்டும்.

வலை கட்டும் வேலையை மூத்தவர் செய்தார். அதில் கைத்திறன் தெரிந்தது. பழைய வெற்றிலைப் பெட்டி ஒன்றில் கொக்கிகளை அடுக்கி வைத்திருந்தார். சுவரின் ஓரத்தில் அடிக்கு ஒன்றாகத் துளையிட்டு, பிளக் செருகி, கொக்கியைத் திருகி, அவற்றின் ஊடாக ஓரக்கயிற்றை இழுத்துக் கட்டினார். அதன் பிறகுதான் வலையை விரித்தார். விரித்த வலையை ஒவ்வொரு கண்ணியாகக் கயிற்றோடு முடிச்சுப் போட்டு வந்தபோது அவர் முடிச்சைப் பார்க்கவே இல்லை. பேச்சு அம்மாவோடு, கண் தெருவில், விரல்கள் தம் போக்கில் ஓடிக்கொண்டிருந்தன. முடிந்ததும் உள்ளங்கையால் வலையின் நடுவில் ஒரு தட்டுத் தட்டினார். தொய்வில்லாமல் திரும்பி வந்தது. தொய்ந்த வலைதான் ஆபத்தானது. வந்து மோதும் பறவையின் காலோ இறக்கையோ அதில் சுற்றிக்கொள்ளும். இழுத்துக் கட்டிய வலையில் மோதினால் அது திரும்பிப் போய்விடும்.

இவ்வளவு நேர்த்தியாகக் கட்டியவர், துணி துவைக்கும் இடத்தின் இடது மூலையில் கழிவுநீர்க் குழாய் இறங்கும் இடத்தை மட்டும் விட்டுவிட்டார். குழாய்க்கும் சுவருக்கும் நடுவே நான்கு விரற்கடை இடைவெளி இருந்தது. மூன்றாம் வாரம் ஒரு விடியற்காலையில் படபடவென்று சத்தம் கேட்டு ஓடினேன். உள்ளே வந்துவிட்ட புறா ஒன்று வெளியேற வழி தெரியாமல் வலையிலும் துவைக்கும் இயந்திரத்திலும் மாறி மாறி மோதிக்கொண்டிருந்தது. துண்டைப் போர்த்திப் பிடித்து, மாடிப்படிச் சன்னல் வழியாக விடுவதற்குள் எனக்குக் கை நடுங்கிவிட்டது. வலையே இல்லாதிருந்தால் அது வந்த வழியே போயிருக்கும். வலை வாங்குகிறோம் என்று நினைத்து விசாரிக்கிறோமே தவிர, உண்மையில் நாம் காசு கொடுப்பது ஓரத்துக்கும் மூலைக்கும்தான். விலை பேசும்போதே குழாய் இறங்கும் இடம், கேபிள் நுழையும் இடம், ஏ.சி. பெட்டியின் அடிப்பக்கம் ஆகியவற்றை விரல் வைத்துக் காட்டி, எப்படி மூடுவீர்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள். நான் கேட்கவில்லை. புகார் சொன்ன பிறகு வந்து அடைக்க ஒன்பது நாள் எடுத்துக்கொண்டார்கள். அதுவரை பழைய தலையணையைத் திணித்து வைத்திருந்தேன். பணம் எதுவும் கேட்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும்.

நவம்பர் 30-ஆம் தேதி ஃபெஞ்சல் கரையைக் கடந்த இரவில் வலை ஓயாமல் ஊளையிட்டது; ஆனால் ஒரு முடிச்சுகூட அவிழவில்லை. கோடையில் மேற்கு வெயில் நேராக அடிக்கும் பகுதியில் நூல் சற்று மஞ்சளாகியிருக்கிறது. இழுத்துப் பார்த்தால் வலு குறையவில்லை. கொக்கிகளில்தான் வேறுபாடு தெரிகிறது. துருப்பிடிக்காத எஃகு என்று சொல்லிப் போட்டவற்றில் ஐந்து கொக்கிகள், ஒரே மூலையில் இருப்பவை, பழுப்புநிறக் கோடுகளைச் சுவரில் ஒழுகவிட்டிருக்கின்றன. கடற்காற்று வீசும் ஊரில் மட்டமான இரும்பு ஓர் ஆண்டுக்குள் தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும். மூன்று ஆண்டு உத்தரவாத அட்டையில் வலை மட்டும் அடங்கும், கொக்கி அடங்காது என்பதை இப்போதுதான் கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தேன்.

எங்களை விட்டுப் போன புறாக்கள் வெகுதூரம் போய்விடவில்லை. நான்காவது தளத்தில் இருப்பவர்களின் சமையலறைச் சன்னல் திட்டுக்குத்தான் போயின. அவர்கள் இரண்டே மாதத்தில் என்னிடம் வந்து வலைக்காரரின் எண்ணை வாங்கிக்கொண்டார்கள். அவர்களிடமிருந்து எதிர்வீட்டார் வாங்கினார்கள். அந்த நிறுவனத்துக்குச் சம்பளமில்லாத விற்பனைப் பிரதிநிதிகள் புறாக்கள்தான். மொட்டைமாடியில் காலைதோறும் ஒரு படி கம்பு இறைக்கும் பெரியவரிடம் குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் இதைச் சொன்னால், தன் தசையையே அரிந்து கொடுத்த சிபிச் சக்கரவர்த்தியின் கதையைச் சொல்லி எங்கள் வாயை அடைத்துவிடுகிறார். லண்டன் டிரஃபால்கர் சதுக்கத்தில் 2003-இல் தீவனம் போடுவதைத் தடை செய்தார்கள். மும்பையில் 2025-இல் தாதர் கபூதர்கானா என்ற, புறாக்களுக்குத் தீவனம் போடும் இடத்தை மூடியபோது பெரும் போராட்டமே நடந்தது. எங்கள் சங்கச் செயலாளரிடம் அந்தத் துணிச்சலை எதிர்பார்க்க முடியாது.

இங்கிலாந்தின் பிரிஸ்டல், குளோஸ்டர் போன்ற நகரங்களில் கடற்காகங்கள் வீட்டுக் கூரைகளைக் கடலோரப் பாறையாகவே எண்ணிக் கூடு கட்டி, குஞ்சு இருக்கும் காலத்தில் தெருவில் போகிறவர்கள் மேல் பாய்ந்து விரட்டுகின்றன. பள்ளிக்கரணைப் பக்கம் குளிர்காலத்தில் தென்படும் பழுப்புத்தலைக் கடற்காகங்கள் திபெத், லடாக் போன்ற உயர்ந்த பகுதிகளில் முட்டையிடுபவை. இங்கு விருந்தாளிகளாக வந்து திரும்பிவிடும். அந்த வகையில் நமக்கு வாய்த்தது சாதுவான பறவை என்று வலைக்காரரிடம் சொன்னேன். அவர் தொழில் கவலையோ என்னவோ, சிரிக்கவில்லை.

வலை போட்டதில் நான் எதிர்பாராத ஒரு நட்டம் அம்மாவுக்கு நேர்ந்தது. சாப்பிடுவதற்கு முன் கைப்பிடிச் சுவரில் காக்கைக்கு ஒரு கவளம் வைப்பது அவருடைய வழக்கம். அமாவாசையன்று அது வழக்கம் மட்டுமல்ல. காக்கை வந்து எடுத்த பிறகுதான் எங்களுக்கு இலை. ஐந்து சென்டிமீட்டர்க் கண்ணி வழியாகக் காக்கை எப்படி வரும்? முதல் அமாவாசையன்று சோற்றைக் கையில் வைத்துக்கொண்டு வலைக்கு உள்ளே அம்மாவும், வெளியே குழாயின் மேல் உட்கார்ந்து கரைந்தபடி காக்கையும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அதன் பிறகு அவர் மூட்டுவலியோடு மொட்டைமாடிக்கு ஏறத் தொடங்கினார்.

குழாய் மூலையை அடைக்க வந்த நாளில் இதை மூத்தவரிடம் சொன்னேன். அவர் யோசிக்கவே இல்லை. கைப்பிடிச் சுவரை ஒட்டி வலையில் ஒரு சாண் அகலத்துக்கு வெட்டி, வெட்டிய ஓரங்களுக்குக் கயிறு கோத்து, மேலே கீல் போலவும் கீழே கொக்கியில் மாட்டும்படியும் ஒரு மடிப்பைச் செய்து கொடுத்தார். சோறு வைக்கும்போது திறந்து, காக்கை எடுத்ததும் மாட்டிவிட வேண்டும். அம்மா ஒருநாளும் மறந்ததில்லை. விலைப்பட்டியலில் அப்படி ஒரு வேலைக்கு இடமே இல்லாததால், என்ன எழுதுவது என்று சற்று நேரம் பேனாவைக் கடித்துவிட்டு, ரசீதில் "காக்கா கதவு – 1, ரூ. 150" என்று எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தார்.