நரம்பு வழியா, தோலடி வழியா: எந்த முறை குழந்தைக்குப் பொருந்தும்?

பிறவியிலேயே எதிர்ப்பொருள் (கிருமிகளை எதிர்க்கும் இரத்தப் புரதம்) சுரக்காத குழந்தைகளுக்கு, மற்ற பிள்ளைகளிடம் சளி, காய்ச்சலோடு போய்விடும் என்டெரோவைரஸ்கூட மூளைவரை சென்று உயிருக்கே உலை வைக்கலாம். போலியோ சொட்டு மருந்தும் இவர்களுக்கு ஆகாது. ஆயுள் முழுவதும் தேவைப்படும் இம்யூனோகுளோபுலினை, அதாவது அந்த எதிர்ப்பொருளையே மருந்தாக்கியதை, எவ்வழியில் செலுத்துவது என்று தருமபுரிப் பெற்றோர் பலர் தவிக்கிறார்கள்.

இடைவெளி: நரம்பு (இரத்தக் குழாயான சிரை) வழியெனில் 3 அல்லது 4 வாரத்துக்கு ஒருமுறை, தோலடி எனில் பெரும்பாலும் வாரம் ஒருமுறை.

இடம்: முன்னதற்கு மருத்துவமனைக் கட்டிலில் சில மணி நேரம், பின்னதைப் பயிற்சி பெற்ற தாயே வீட்டில் செலுத்தலாம்.

காப்பு: நரம்பில் ஏற்றியது அடுத்த தவணை நெருங்கும்போது இரத்தத்தில் குறைந்துவிடும், தோலடியில் அளவு ஏறக்குறைய சீராக நிற்கும். எனக்கு இதுவே முதன்மையான வேறுபாடு.

தொல்லை: நரம்பு வழியில் தலைவலி, குளிர்காய்ச்சல் வரலாம், தோலடியில் குத்திய இடம் சிவந்து வீங்கும். புறங்கையில் நரம்பு தேடி மூன்றாம் முறை ஊசி நெருங்கும்போது குழந்தை விரல்களை இறுக மடக்கிக்கொள்வதைக் கண்டவர்கள் பின்னதையே விரும்புவார்கள்.

ஆயினும் தோலடி மருந்து நம் பக்கம் எளிதில் கிடைப்பதில்லை. தடையின்றிக் கிடைத்து, குளிர்பதனப் பெட்டியும் இருந்தால், பென்னாகரம் போன்ற தொலைவூர்க் குடும்பங்களுக்கு அதுவே ஏற்றது. இல்லையெனில் நரம்பு வழியைத் தவணை தவறாமல் தொடர வேண்டும். எவ்வழியானாலும், காய்ச்சலோடு தலைவலியும் சோர்வும் சேர்ந்தால் அன்றே மருத்துவரிடம் செல்லுங்கள்.