ஓகேமலில் ரிகர்சிவ் தரவு வகைகள்: எழுதிப் பார்த்த பிறகு ஒரு மதிப்பீடு

தன்னையே தன் உறுப்பாகக் கொண்ட, அதாவது ரிகர்சிவ், தரவு வகைகளை எழுதுவதற்கு எந்த நிரல் மொழி ஏற்றது என்று கேட்டால், ஓகேமலைத்தான் முதலில் சொல்வேன். பிரான்சின் இன்ரியா ஆய்வு நிறுவனம் 1996-இல் வெளியிட்ட இந்த மொழி இலவசமாகவே கிடைக்கிறது. அதன் மற்ற வசதிகளைத் தொடாமல், இந்த ஒன்றை மட்டும் இங்கே எடைபோடுகிறேன்.

கணக்குக் கோவைகளை மதிப்பிடும் சிறிய நிரல் ஒன்றை எழுதித்தான் இதைப் பழகினேன். ஒரு கோவை வெறும் எண்ணாக இருக்கலாம். இல்லையென்றால் இரண்டு கோவைகளின் கூட்டலாகவோ பெருக்கலாகவோ இருக்கலாம். இந்த விளக்கத்தை ஏறக்குறைய அப்படியே நான்கு வரிகளில் எழுதிவிட முடிகிறது: கோவை என்ற வகைக்கு மூன்று கன்ஸ்ட்ரக்டர்கள் (அந்த வகையின் மதிப்பு எடுக்கக்கூடிய வடிவங்கள்), அவற்றில் கூட்டலும் பெருக்கலும் மீண்டும் இரண்டிரண்டு கோவைகளைக் கேட்கின்றன, எண் மட்டும் கேட்பதில்லை. எண் இருப்பதால்தான் சுழற்சி ஓரிடத்தில் நிற்கிறது. இதே வகையை ரஸ்ட் மொழியில் நேராக எழுதினால், அதன் அளவுக்கு முடிவே இல்லை என்று கம்பைலர் (நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் மென்பொருள்) மறுத்துவிடும். உள்ளே வரும் கோவைகளை பாக்ஸுக்குள், அதாவது வேறிடத்தில் வைத்து முகவரியை மட்டும் வைத்துக்கொள்ளும் உறைக்குள், வைப்பது நம் பொறுப்பாகிறது. ஓகேமலிலோ தரவைச் சுமக்கும் கன்ஸ்ட்ரக்டர் ஹீப்பில் (நிரல் ஓடும்போது தேவைக்கேற்பப் பெறும் நினைவகத்தில்) இடம்பெற, அதன் முகவரியே கைமாறுவதால், அளவைப் பற்றிய கேள்வி எழுவதில்லை. இந்த வசதி நினைவகத்தைக் கேட்கிறது என்பதையும் சொல்ல வேண்டும்: 64 பிட் கணினியில், இதேபோல ரிகர்சிவ் வகையான லிஸ்டின் ஒவ்வொரு கண்ணிக்கும் தலைப்பு, மதிப்பு, அடுத்த கண்ணியின் முகவரி என்று 24 பைட் செலவாகிறது.

இந்த மொழியை நான் விரும்புவதற்கான காரணம் வகையை மாற்றும்போதுதான் முழுமையாகத் தெரிகிறது. கோவையில் மாறிகளும் இடம்பெற வேண்டும் என்று நான்காவது கன்ஸ்ட்ரக்டர் ஒன்றைச் சேர்த்தேன். அடுத்த முறை கம்பைல் செய்தபோது, மதிப்பிடும் ஃபங்ஷன், அச்சிடும் ஃபங்ஷன், சுருக்கும் ஃபங்ஷன் ஆகிய மூன்றிலும் பேட்டர்ன் மேட்சிங் (மதிப்பின் வடிவத்தைப் பார்த்துக் கிளை பிரிப்பது) முழுமையாக இல்லை என்ற எச்சரிக்கை வந்தது. எந்த வடிவம் விடுபட்டது என்பதற்கு மாறியையே எடுத்துக்காட்டாகவும் காட்டியது. நான் எழுதிய நான்காவது ஃபங்ஷனைப் பற்றி மட்டும் ஒரு சொல்லும் வரவில்லை, ஏனென்றால் அதன் கடைசிக் கிளையில் 'மற்ற எல்லாம்' என்று பொருள்படும் அடிக்கோட்டை (_) இட்டிருந்தேன். ரிகர்சிவ் வகைகளின் மேல் எழுதும் ஃபங்ஷன்களில் அடிக்கோட்டைத் தவிர்த்து, ஒவ்வொரு கன்ஸ்ட்ரக்டரையும் பெயர் சொல்லி எழுதுமாறு எல்லோருக்கும் பரிந்துரைக்கிறேன். கம்பைலர் இதைப் பிழையாகக் கொள்ளாமல் எச்சரிக்கையாகவே விட்டுவிடுகிறது என்பதால், பிழையாக எடுத்துக்கொள்ளும்படி அமைத்துவிடுவதும் நல்லது.

குறைகளும் உண்டு. வகையை வரையறுக்கும்போது ரிகர்ஷன் தானாகவே கிடைக்கிறது. ஃபங்ஷனுக்கோ 'ரெக்' (rec) என்று எழுதியாக வேண்டும். அதை எழுத மறந்தால் பெரும்பாலும் கம்பைலரே நினைவூட்டிவிடும், ஆனால் அதே பெயரில் முன்பே ஒரு ஃபங்ஷன் இருந்தால் சத்தமில்லாமல் பழையதையே அழைத்துவிடும். வரி வரியாக எழுதிப் பார்க்கும் ஊடாட்டச் சூழலில் இது எளிதில் நேர்கிறது. விடை தவறாக வருவதற்குக் காரணம் தெரியாமல் புதியவர்கள் திகைத்துப்போவார்கள். வகைகளில் இதற்கு நேரெதிரான தேவை வருவதும் உண்டு: அதே பெயருள்ள பழைய வகையைச் சுட்ட வேண்டுமானால் 'நான்ரெக்' (nonrec) என்று எழுத வேண்டும்.

இன்னொரு குறை இதைவிட ஆழமானது. 1 என்ற எண்ணைத் தலையாகவும் (முதல் உறுப்பாகவும்) தன்னையே வாலாகவும் (மீதிப் பகுதியாகவும்) கொண்ட லிஸ்டை இந்த மொழி அனுமதிக்கிறது. அதன் வகை சாதாரண முழு எண் லிஸ்டின் வகையேதான். ஆகவே நீளத்தைக் கணக்கிடும் ஃபங்ஷனுக்கு அதைக் கொடுத்தால் கம்பைலர் தடுக்காது, நிரலும் முடியாது. ஒரு மதிப்பு எங்காவது முடிகிறதா என்பதை வகை சொல்லித் தராது என்பதை நினைவில் வைத்துக்கொண்டே எழுத வேண்டியிருக்கிறது.

லிஸ்டின் ஒவ்வொரு உறுப்பின் மேலும் ஒரு ஃபங்ஷனை இயக்கும் மேப், நீளமான லிஸ்டுகளில் ஸ்டாக்கை (முடியாத அழைப்புகளை வைத்திருக்கும் நினைவகத்தை) நிரப்பிவிடும் என்ற பழைய புகார், 2023-இல் வந்த 5.1 பதிப்போடு தீர்ந்தது. கன்ஸ்ட்ரக்டருக்குள் நேராக அமையும் ரிகர்சிவ் அழைப்பை, ஸ்டாக்கில் கூடுதல் இடம் கேட்காத வால் அழைப்பாக மாற்றித் தரும் வசதி அதற்கு முன்பே 4.14-இல் வந்திருந்தது, நாம் எழுதும் ஃபங்ஷன்களிலும் அதைக் குறிப்பிட்டுப் பயன்படுத்தலாம். ஆனால் நம் கோவையைப் போல இரு கிளைகள் உள்ள வகையில் அது ஒரு கிளைக்கு மட்டுமே பலன் தரும். இடக் கிளையா வலக் கிளையா என்பதை நாமே குறித்துக் காட்ட வேண்டும். மற்ற கிளை முன்போலவே ஸ்டாக்கில் ஓடும்.