கோடையில் காய்கறித் தோட்டம்: தினமும் தெளிப்பதா, இடைவெளி விட்டு ஆழமாக நனைப்பதா?

வெயில் ஏறியதும் தினமும் பூவாளியால் ஒரு சுற்றுத் தெளித்துவிட்டு வருவதுதான் பலரின் வழக்கம். மேல்மண் கறுத்து ஈரமாகத் தெரிவதால் மனசும் நிம்மதியாகிவிடும். ஆனால் உடனே களைக்கொத்தால் லேசாகக் கீறிப் பாருங்கள், ஒரு விரற்கடைக்குக் கீழே மண் பொடிப்பொடியாகக் காய்ந்தே கிடக்கும். அந்தக் கொஞ்ச ஈரமும் மதியத்துக்குள் ஆவியாகிவிடும், வேரும் மேலேயே சுற்றிக்கொண்டிருக்கும், ஒருநாள் தண்ணீர் தவறினாலே செடி துவண்டுவிடும்.

இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை, அதிகாலையில், வேரடியில் நிதானமாக விட்டு 15 முதல் 20 செ.மீ. ஆழம் வரை நனைப்பதுதான் என்னைக் கேட்டால் சரி. தக்காளி, கத்தரி, வெண்டை எல்லாம் ஈரத்தைத் தேடி வேரை இறக்கிக்கொள்ளும். வாரத்துக்குச் சதுர மீட்டருக்கு 25 லிட்டர் என்பது பொதுவான கணக்கு, கடும் வெயிலில் கூடவே வேண்டும். இடைவெளி மட்டும் ஒரே சீராக இருக்கட்டும். காயவிட்டுத் திடீரென்று கொட்டினால் தக்காளி வெடிக்கும். அடிப்பக்கம் கறுத்து அழுகுவதும் பெரும்பாலும் இதனால்தான், சுண்ணாம்புச் சத்து காய்க்குப் போய்ச் சேராத கோளாறு அது, மருந்தடித்துப் பயனில்லை.

கீரை, விதைப் பாத்தி, நாற்று, தொட்டிச் செடி இவற்றுக்குத் தினமும் ஊற்றத்தான் வேண்டும். மணல் பாங்கான மண்ணிலும் இடைவெளியைக் குறைத்துக்கொள்ளுங்கள். எந்த முறையானாலும் வைக்கோலோ சருகோ மூடாக்காகப் போடுங்கள்.

அப்புறம், உச்சி வெயிலில் இலை தொங்கினால் பதறி ஊற்ற வேண்டாம். சாயங்காலமும் நிமிராவிட்டால்தான் அது தாகம்.