வயல் நடுவே காட்டேஜ் புக் செய்கிறீர்களா? மேலிருந்து ஒருமுறை பார்த்துவிடுங்கள்

"இயற்கையின் மடியில்", "பறவைகளின் ஒலியோடு கண்விழியுங்கள்" என்று எழுதி காட்டேஜ் வாடகைக்கு விடுகிறவர்கள் எல்லோரும் மோசம் என்று சொல்ல வரவில்லை. ஆனால் நாங்கள் குடும்பத்தோடு போய் மாட்டிக்கொண்ட இடம் இன்னமும் அதே படங்களோடு புக்கிங் தளத்தில் ஜோராக ஓடிக்கொண்டிருக்கிறது, அதனால்தான் இந்தப் பதிவு.

படத்தில் காட்டிய எல்லாமே அங்கே இருந்தன. ஓட்டுக்கூரை, வராந்தா, ஊஞ்சல், எதிரே பச்சைப்பசேலென்று வயல். மதியம் போய் இறங்கியபோது ஒரு குறையும் தெரியவில்லை. பொழுது சாய்ந்து காற்று நின்றதும் ஆரம்பித்தது பாருங்கள், மூக்கை எரிக்கிற அமோனியா நெடி. பின்பக்க வேலிக்கு அந்தப் பக்கம் வரிசையாகக் கோழிப்பண்ணைக் கொட்டகைகள். பகலில் தரை சூடாகிக் காற்று மேலே எழுவதால் நாற்றம் கலைந்துபோகிறது; இரவில் தரை குளிர்ந்ததும் குளிர்ந்த காற்று கீழேயே தேங்கிவிடுகிறது, நாற்றமும் கூடவே தங்கிவிடுகிறது. சத்தமும் அப்படித்தான், பகலில் காதிலேயே விழாத கொட்டகை ஃபேன்கள் ராத்திரி முழுக்கத் தலைமாட்டில் ஓடின.

காலையில் ஈ. டம்ளரை மேசையில் வைத்துவிட்டு மூடியைத் தேடுவதற்குள் விளிம்பைச் சுற்றி உட்கார்ந்துவிட்டன. வெயில் காலத்தில் கோழி எருவில் ஈ இட்ட முட்டை 7 முதல் 10 நாட்களில் முழு ஈயாகிவிடும், வீட்டுக்குள் மருந்தடித்துத் தீருகிற விஷயமில்லை. சமையலறை அலமாரியைத் திறந்தால் ஈ ஒட்டும் பசைத்தாள், பிரிக்காத பாக்கெட்டுகளாக அடுக்கி வைத்திருந்தார்கள். ஆக, தெரிந்தேதான் விட்டிருக்கிறார்கள்.

உரிமையாளருக்குப் போன் செய்தால், "கிராமம்னா அப்படித்தான் சார் இருக்கும்" என்றார். சரி, நாங்கள் கிளம்புகிறோம், மீதி நாட்களுக்கான பணத்தைத் திருப்பிக் கொடுங்கள் என்றதும் குரலே மாறிவிட்டது. "ஒண்ணும் பிரச்சனை இல்ல சார், நீங்களே ஆப்ல கேன்சல் பண்ணிடுங்க, பணத்த நான் தனியா அனுப்பிடறேன்."

இந்த இடத்தில்தான் உஷாராக இருக்க வேண்டும். நாம் கேன்சல் செய்தால் கேன்சல் விதிப்படிதான் பணம் வரும், தங்க ஆரம்பித்த பிறகு பெரும்பாலும் ஒன்றும் தேறாது. அவர் கேன்சல் செய்தால் பணம் அவர் கையை விட்டுப் போகும், சில தளங்கள் அபராதமும் போடும். "அதையே நீங்க பண்ணுங்களேன்" என்று என் மனைவி கேட்டாள், லைன் கட். அப்புறம் எடுக்கவேயில்லை.

தளத்தில் புகார் செய்தால் ஆதாரம் கேட்கிறார்கள். நாற்றத்துக்கு என்ன ஆதாரம் காட்டுவது! ஈ அப்பிய பசைத்தாளின் படம், வேலிக்கு மேல் கையைத் தூக்கி எடுத்த வீடியோ, இவற்றோடு உரிமையாளருக்கு ஆப்பிலேயே அனுப்பிய மெசேஜ்களும் இருந்ததால் ஏதோ ஒரு பகுதி வந்தது. போனில் பேசியதை அவர்கள் கணக்கிலேயே எடுக்கவில்லை. சுத்தம் செய்யும் கட்டணமும் திரும்பவில்லை. "விளம்பரத்தில் சொன்ன வசதிகள் அனைத்தும் இருந்தன" என்று விளக்கம் வேறு.

பல தளங்களில் புக் செய்யும் முன் சரியான இடத்தைக் காட்ட மாட்டார்கள், மேப்பில் ஒரு வட்டம்தான் இருக்கும். அந்த வட்டத்துக்குள் சேட்டிலைட் பார்வையில் தேடுங்கள். நீள நீளமாக, ஒரே அகலத்தில், பக்கத்துப் பக்கத்தில் கூரைகள் தெரிந்தால் அது கோழிப்பண்ணையாக இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. வெளுத்துப்போன பெரிய பள்ளம் தெரிந்தால் கல் குவாரியாக இருக்கலாம். முகவரி கைக்கு வந்ததும், இலவசமாகக் கேன்சல் செய்யும் கெடு முடிவதற்குள் இன்னொரு தடவை பாருங்கள். விமர்சனங்களில் குறைந்த ஸ்டார் கொடுத்தவற்றை முதலில் படியுங்கள், நல்லதாகச் சொன்னவற்றையும் கொஞ்சம் சந்தேகத்தோடு படியுங்கள். "ஜன்னலை மூடிக்கொண்டால் அருமையான இடம்" என்று ஒருவர் ஐந்து ஸ்டார் கொடுத்திருந்தார், புண்ணியவான்.

என் விமர்சனத்துக்குக் கீழே உரிமையாளர் பதில் போட்டிருக்கிறார்: "இயற்கையை விரும்பாதவர்கள் தயவுசெய்து புக் செய்ய வேண்டாம்."