கடிகாரம் இல்லாத பெட்டியில் எந்த ப்ராக்ஸி? எஸ்எஸ்எச், ஷேடோசாக்ஸ், வயர்கார்டு

இழுப்பறையில் சும்மா கிடக்கும் ராஸ்பெர்ரி பை ஜீரோவையோ பழைய ரவுட்டரையோ தூசி தட்டி எடுத்து, அதில் ஒரு குறியாக்க ப்ராக்ஸியை (நம் இணையப் போக்குவரத்தைப் பூட்டி, நமக்காக வெளியே அனுப்பும் இடைத்தரகரை) ஓடவிடலாம் என்று பலருக்கும் ஒருநாள் தோன்றும். நல்ல யோசனைதான். அடுத்த கேள்வியில்தான் குழப்பம்: தொலைவிலுள்ள கணினிக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்எச் போதுமா, ஷேடோசாக்ஸா, வயர்கார்டா?

இவற்றை ஒப்பிடும் வேகப் பட்டியல்கள் ஏராளம். ஆனால் பெரும்பாலானவை பெரிய கணினியில் எடுத்த அளவுகள். நம் பெட்டியில் பெரிய கணினியில் இருக்கும் இரண்டு விஷயங்கள் இருக்காது. ஒன்று, ஏஇஎஸ் என்ற பரவலான குறியாக்க முறைக்கென்று சிபியுவிலேயே இருக்கும் தனிக் கட்டளைகள். இன்னொன்று, மின்சாரம் போனாலும் ஓடும் கடிகாரம். முதலாவதைப் பற்றி ஓரளவு எல்லோரும் எழுதியிருக்கிறார்கள். இரண்டாவதில் நான் நன்றாக அடிபட்டிருக்கிறேன்.

முதலில் சிபியு. 2015-இல் வந்த பை ஜீரோவில் ஒரே கோர், 1 கிகாஹெர்ட்ஸ், 512 எம்பி ரேம். பை 3, பை 4 இரண்டும் அதைவிட எவ்வளவோ வேகம், ஆனாலும் ஏஇஎஸ் கட்டளைகள் அவற்றிலும் கிடையாது. பை 5-இல்தான் வந்தன. மிப்ஸ் வகை சிபியு உள்ள பழைய ரவுட்டர்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். இந்தக் கட்டளைகள் இல்லாத சிபியுவில் ஏஇஎஸ்ஸை மென்பொருளே முழுக்கக் கணக்குப் போட வேண்டும், அது இழுக்கும். டேனியல் பெர்ன்ஸ்டீன் 2008-இல் வடிவமைத்த சாசா20 என்ற குறியாக்க முறைக்கோ கூட்டல், எக்ஸார், பிட் சுழற்றல் தவிர வேறெதுவும் தேவையில்லை. எந்த ஏழை சிபியுவும் இவற்றைச் செய்யும். ஆகவே சின்னப் பெட்டி என்றால் சாசா20-பாலி1305 (சாசா20-ஓடு, தரவு மாறவில்லை என்று சரிபார்க்கும் பாலி1305 சேர்ந்தது). மூன்று வழிகளிலும் அது கிடைக்கிறது: வயர்கார்டில் அதைத் தவிர வேறே கிடையாது, எஸ்எஸ்எச்சின் பரவலான பதிப்பான ஓபன்எஸ்எஸ்எச்சில் 2014 முதல் இருக்கிறது, ஷேடோசாக்ஸில் நாமே தேர்ந்தெடுக்க வேண்டும். சந்தேகம் இருந்தால் குறியாக்க நூலகமான ஓபன்எஸ்எஸ்எல்லின் வேகச் சோதனையைப் பெட்டியிலேயே இரண்டுக்கும் ஓட்டிப் பாருங்கள், ஒரு நிமிட வேலை.

குறியாக்கத்தில் மூன்றும் ஏறக்குறைய சமம் என்றால், வித்தியாசம் எங்கே வருகிறது?

எஸ்எஸ்எச்சில் இருந்து தொடங்கலாம், ஏனென்றால் அது ஏற்கெனவே பெட்டியில் இருக்கிறது. எஸ்எஸ்எச் கட்டளையில் 'மைனஸ் பெரிய டி' (-D) என்று ஒரு விருப்பத்தைச் சேர்த்தால் உங்கள் கணினியில் ஒரு சாக்ஸ் ப்ராக்ஸி தயார். பெட்டியில் புதிதாக எதையும் நிறுவ வேண்டாம். ஓபன்டபிள்யுஆர்டி (ரவுட்டர்களுக்கான லினக்ஸ்) ஓடும் ரவுட்டரில் இருக்கும் ட்ராப்பேர் என்ற சின்ன எஸ்எஸ்எச் மென்பொருள் சர்வராக இருந்து இதற்கு ஒத்துழைக்கும். ஆனால் ட்ராப்பேரின் கிளையன்ட்டில் அந்த விருப்பம் இல்லை, ரவுட்டரே கிளையன்ட்டாக இருக்க வேண்டும் என்றால் ஓபன்எஸ்எஸ்எச் கிளையன்ட்டைப் போட வேண்டும். குறை என்னவென்றால், உலாவியின் அத்தனை தொடர்புகளும் ஒரே டிசிபி (தொலைந்த பாக்கெட்டைத் திரும்ப அனுப்பி வரிசை காக்கும் முறை) குழாய்க்குள் போகின்றன. வழியில் ஒரு பாக்கெட் தொலைந்தால் அது திரும்பி வரும் வரை எல்லாமே வரிசையில் நிற்கும். நல்ல கம்பி இணைப்பில் இது தெரியவே தெரியாது. மொபைல் டேட்டாவில் நன்றாகத் தெரியும். அப்படிக் காத்திருக்காமல் அனுப்பும் யுடிபி அறவே போகாது, வீடியோ அழைப்புகளை மறந்துவிடலாம். உலாவியில் டிஎன்எஸ் (தளப் பெயருக்கு முகவரி தேடும்) கேள்விகளையும் ப்ராக்ஸி வழியே அனுப்பும் தேர்வு இயங்குகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் பக்கங்கள் குழாய்க்குள் போகும், எந்தத் தளத்துக்குப் போகிறீர்கள் என்ற சேதி மட்டும் வெளியே போய்க்கொண்டிருக்கும்.

ஷேடோசாக்ஸ் இதற்கு நேர்மாறு. 2012-இல் சீனாவில், தணிக்கைச் சுவரைத் தாண்டுவதற்கென்று பிறந்தது. உலாவியின் ஒவ்வொரு தொடர்புக்கும் தனியாக ஒரு டிசிபி தொடர்பு, அதனால் ஒன்று சிக்கினாலும் மற்றவை ஓடும். தொடக்கத்தில் சாவியைப் பேசி முடிவுசெய்யும் கைகுலுக்கல் என்று எதுவும் கிடையாது: இரு பக்கமும் ஒரே சாவியை முன்பே வைத்திருக்கின்றன, முதல் பாக்கெட்டிலேயே தரவு கிளம்பிவிடும். யுடிபியும் போகும். எல்லாம் சரி, ஆனால் அந்த எளிமைக்கு ஒரு விலை உண்டு. சாவி என்றைக்காவது கசிந்தால், யாரோ பதிவுசெய்து வைத்திருந்த பழைய போக்குவரத்தையும் அதே சாவியால் பிரித்துவிடலாம். எஸ்எஸ்எச்சிலும் வயர்கார்டிலும் அந்தப் பயம் இல்லை, அவை தற்காலிகச் சாவிகளை உருவாக்கிப் பயன்படுத்திவிட்டு எறிந்துவிடுகின்றன. 'பார்த்தால் அடையாளம் தெரியாது' என்ற பழைய பெருமையும் இப்போது பாதிதான். 2021 நவம்பரிலிருந்து சீனச் சுவர், முழுக்கக் குறியாக்கமாகத் தெரியும் போக்குவரத்தையே சந்தேகித்துத் தடுக்க ஆரம்பித்ததை 2023-இல் வெளியான ஓர் ஆய்வு விவரமாகக் காட்டியது.

எந்த ஷேடோசாக்ஸ் என்பது இன்னொரு தலைவலி. சி மொழியில் எழுதிய லிப்ஈவி பதிப்பு மிகச் சிறியது, பழைய ரவுட்டருக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை. ஆனால் அதில் இனி பிழைதிருத்தம் மட்டுந்தான், புது வேலையெல்லாம் ரஸ்ட் பதிப்பில் நடக்கிறது. பை ஜீரோவில் ரஸ்ட் பதிப்பு பிரச்சினையின்றி ஓடும். கோ மொழியில் எழுதிய 'எல்லாம் ஒன்றில்' வகை ப்ராக்ஸிகளை 8 எம்பி ஃப்ளாஷ் உள்ள ரவுட்டரில் திணிக்கப் பார்க்காதீர்கள், இடமே போதாது. எந்தப் பதிப்பானாலும், தரவு இடையில் மாற்றப்பட்டதா என்று சரிபார்க்காத பழைய ஸ்ட்ரீம் குறியாக்க முறைகள் வேண்டாம். அவற்றில் போக்குவரத்தைப் பிரித்துப் படிக்கும் அளவுக்கு ஓட்டை இருப்பது 2020-லேயே வெளிவந்துவிட்டது.

வயர்கார்டு கறாராகச் சொன்னால் ப்ராக்ஸி இல்லை, விபிஎன்: தனித்தனித் தொடர்புகளை அல்ல, பாக்கெட்டுகளையே குழாய்க்குள் அனுப்பும். ஜேசன் டோனன்ஃபெல்ட் எழுதியது, 2020 மார்ச்சில் லினக்ஸ் 5.6 கெர்னலுக்குள்ளேயே (இயங்குதளத்தின் மையப் பகுதிக்குள்) சேர்ந்தது. சின்னப் பெட்டிக்கு இந்த 'கெர்னலுக்குள்ளே' என்பதுதான் பெரிய வரம். ஓபன்விபிஎன் என்ற பழைய விபிஎன்னை இந்த ஒப்பீட்டில் நான் சேர்க்காததற்கும் அதுவே காரணம்: அதன் வழக்கமான அமைப்பில் 1500 பைட்டுக்கு மிகாத ஒவ்வொரு பாக்கெட்டும் கெர்னலில் இருந்து வெளியே வந்து, குறியாக்கமாகி, திரும்ப உள்ளே போக வேண்டும். ஒற்றைக் கோர் இந்தப் போக்குவரத்திலேயே மூச்சு வாங்கும். எஸ்எஸ்எச்சும் ஷேடோசாக்ஸும்கூட கெர்னலுக்கு வெளியேதானே என்று கேட்கலாம். உண்மைதான். ஆனால் அவை பாக்கெட் பாக்கெட்டாகக் கையாள்வதில்லை. ஷேடோசாக்ஸ் ஒரு துண்டில் 16 கேபியோ அதற்கு மேலோ அடக்க முடியும். சந்தைக்கு ஒரு மூட்டையாகத் தூக்கிப்போவதற்கும் ஒவ்வொரு காயாகக் கொண்டுபோவதற்கும் உள்ள வேறுபாடு.

வயர்கார்டு யுடிபி மட்டும் பேசும், அதை அடைத்து வைத்திருக்கும் வலையமைப்பில் எழவே எழாது. தன்னை மறைத்துக்கொள்ளவும் அது முயல்வதில்லை: முதல் பாக்கெட் எப்போதும் 148 பைட், பார்த்தவுடன் சொல்லிவிடலாம். சிறிய பக்கங்கள் திறந்து பெரியவை பாதியில் தொங்கினால் எம்டியுவை (ஒரு பாக்கெட்டின் அதிகபட்ச அளவை) குறையுங்கள். இயல்பு அளவு 1420, பிபிபிஓஇ (பயனர்பெயர், கடவுச்சொல் கேட்கும் பிராட்பேண்ட்) இணைப்பில் 1412 வைத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

இனி கடிகாரம்.

ஒருமுறை மின்சாரம் போய் வந்த பிறகு என் பை ஜீரோ சர்வரோடு பேச மறுத்துவிட்டது. எல்லாப் போக்குவரத்தையும் வயர்கார்டு வழியே வெளி சர்வருக்கு அனுப்புவது அதன் வேலை. சாவி சரி, முகவரி சரி, சர்வர் உயிரோடு இருக்கிறது. ஆனால் பதிலே இல்லை. மறுபடி மறுபடி ரீபூட் செய்தேன், அமைப்பை அழித்துத் திரும்ப எழுதினேன். அரைநாள் போனது.

நடந்தது இதுதான். பை ஜீரோவில் பேட்டரிக் கடிகாரம் கிடையாது. எழும்போது, கடைசியாகக் கோப்பில் குறித்துவைத்த நேரத்தையே இப்போதைய நேரம் என்று நினைத்துக்கொள்ளும். வயர்கார்டின் கைகுலுக்கல் பாக்கெட்டில் நேர முத்திரை ஒன்று உண்டு. சர்வர், தான் கடைசியாகப் பார்த்த முத்திரையைவிடப் பழையது வந்தால், யாரோ பழைய பாக்கெட்டைத் திரும்ப அனுப்புகிறார்கள் என்று சத்தமில்லாமல் எறிந்துவிடும். சரி, இணையத்தில் நேரத்தைக் கேட்டுத் திருத்திக்கொள்ளலாமே? அந்தக் கேள்வியும் எழாத அதே குழாய் வழியாகத்தான் போக வேண்டும் என்று நானே அமைத்து வைத்திருந்தேன். பெட்டிக்குள் சாவியை வைத்துப் பூட்டிய கதை. நேரச் சர்வருக்கான பாதையையும், அதன் பெயரைத் தேடும் டிஎன்எஸ் பாதையையும் குழாய்க்கு வெளியே விட்டதும் தீர்ந்தது.

இதே கண்ணோடு மற்றவற்றைப் பார்த்தால் வரிசையே மாறுகிறது. சின்னப் பெட்டி சர்வராக மட்டும் இருந்தால் வயர்கார்டில் இந்தத் தொல்லை வராது, ஏனென்றால் முதலில் கை நீட்டுவது மறுமுனை, பதில் பாக்கெட்டில் நேர முத்திரை இல்லை. ஷேடோசாக்ஸின் 2022 பதிப்பில் தப்பவே முடியாது: இரு பக்கமும் நேரத்தைச் சரிபார்க்கின்றன, 30 வினாடிக்கு மேல் வித்தியாசம் இருந்தால் கதவு அடைபடும். அதற்கு முந்தைய ஏஇஏடி முறைகளுக்கு (குறியாக்கத்தோடு, தரவு மாறவில்லை என்றும் சரிபார்ப்பவை) நேரக் கவலை இல்லை, பழைய பாக்கெட்டைத் திரும்ப அனுப்பும் தாக்குதலுக்கான காப்பு மட்டும் அந்த அளவுக்கு உறுதியில்லை. எஸ்எஸ்எச், சாதாரணச் சாவிகளோடு, மணி என்ன என்று கேட்பதே இல்லை. பெட்டி 1970-இல் இருப்பதாக நினைத்துக்கொண்டிருந்தாலும் உள்ளே விடும்.

ஆக, வீட்டுக்கு வெளியே இருக்கும்போது வீட்டுப் பெட்டி வழியே இணையத்துக்குப் போக வேண்டும், யுடிபி திறந்திருக்கிறது என்றால் வயர்கார்டு. இரண்டாவது யோசனை வேண்டாம். ஓரிரு செயலிகள் மட்டும் ப்ராக்ஸி வழியே போனால் போதும், இணைப்பு அடிக்கடி தடுமாறும் என்றால் ஷேடோசாக்ஸ். எப்போதாவது ஒருமுறை உலாவ என்றால் எஸ்எஸ்எச்சுக்கு மேல் எதுவும் நிறுவுவது வீண் வேலை. எதைப் போட்டாலும் வேகத்தில் பாதியை முன்கூட்டியே கழித்துவிடுங்கள்: பை ஜீரோ டபிள்யு போல வைஃபை மட்டும் உள்ள பெட்டியில் ஒவ்வொரு பைட்டும் அதே காற்றில் ஒருமுறை உள்ளே வந்து ஒருமுறை வெளியே போகிறது. எந்தக் குறியாக்கமும் அதை மாற்றாது.

என் பெட்டியில் இப்போது வயர்கார்டுதான் ஓடுகிறது. பக்கத்திலேயே எஸ்எஸ்எச்சையும் திறந்து வைத்திருக்கிறேன், சாவியால் மட்டும் நுழையும்படி. அடுத்த முறை மின்சாரம் போய் வந்து வயர்கார்டு முரண்டு பிடித்தால், உள்ளே போய் மணியைத் திருத்திவிட்டு வருவதற்கு.