வாடகை டிரிபிள் காங்கோவில் லத்தீன் ராக்: சேலத்து செட் எந்த அளவுக்குத் தேறும்?

மெல்லிசைக் குழுக்களுக்கு வாத்தியம் வாடகைக்கு விடும் சேலம் கடை ஒன்றின் டிரிபிள் காங்கோ (கையால் தட்டும் உயரமான மூன்று முரசுகள்), டிம்பாலிஸ் (குச்சியால் அடிக்கும் உலோக ஓட்டு இரட்டை முரசு) செட் பற்றிய மதிப்புரை இது. ராக்கோடு லத்தீன் தாளத்தைக் கலந்த அமெரிக்கக் குழுவான சான்டானாவின் பாணியில் வாசிக்க நினைப்பவர்களுக்கானது. காங்கோ அருமை. டிம்பாலிஸை மட்டும் அப்படியே மேடைக்கு எடுத்துப் போகாதீர்கள்.

காங்கோ மூன்றும் மரம்: சிறியதான குயின்டோ 11 அங்குலம், நடுக் காங்கோ 11¾, பெரியதான தும்பா 12½. எருமைத் தோல், மரத்தில் வெடிப்பு இல்லை. ஆனால் சினிமாப் பாட்டுக்காக நன்றாக இறுக்கி வைத்திருக்கிறார்கள், சத்தம் டக்கென்று நின்றுவிடுகிறது. லத்தீன் இசைக் கலைஞர் டிட்டோ புவெந்தே 1962-இல் பதிவுசெய்த 'ஓயே கோமோ வா'வை 1970-இல் சான்டானா எடுத்தபோது, புல்லாங்குழலும் பித்தளைக் குழல்களும் இருந்த இடத்தில் ஹேமண்ட் ஆர்கனும் எலக்ட்ரிக் கிட்டாரும் வந்து உட்கார்ந்தன. இரண்டும் நீண்டு நிற்கும் ஒலி. அதற்கடியில் காங்கோ கேட்க வேண்டுமென்றால் திறந்த அடியில் (தட்டியதும் கையை எடுத்துவிடும் அடி) கார்வை இருக்க வேண்டும். 13 எம்.எம். ஸ்பேனரை எடுத்து, வரிசையாகச் சுற்றிவந்து ஒவ்வொரு நட்டையும் கால் சுற்றாகத் தளர்த்துங்கள். ஒன்றை மட்டும் ஒரேயடியாகத் திருகினால் வளையம் சாய்ந்து, தோலில் இடத்துக்கு ஒரு சுருதி பேசும். தும்பாவை 'ச' என்று வைத்துக்கொண்டு, நடுக் காங்கோவைச் சுத்த மத்தியமத்தில் நிறுத்தினால் போதும்.

டிம்பாலிஸ் 13, 14 அங்குலம். ஸ்டீல் ஓடு கணீரென்று பேசுகிறது. ஆனால் டிரம்ஸ் செட்டின் டாம் முரசுக்குப் போடும் தடித்த ஷீட்டை (அடிக்கும் பிளாஸ்டிக் பரப்பு) மாட்டியிருப்பதால், விளிம்பும் ஷீட்டும் சேர்ந்து படும் ரிம் ஷாட் அமுங்கிவிடுகிறது. மெல்லிய ஒற்றை அடுக்கு ஷீட் கேட்டு வாங்குங்கள். கூடத் தரும் டிரம் குச்சியும் உதவாது. குமிழ் இல்லாத, மெல்லிய நேர்குச்சியில்தான் ஓட்டின் பக்கவாட்டில் தட்டும் காஸ்கரா என்ற தாளம் தெளிவாக விழும்.

செட் சரியாக இருந்தும் குழு தடுமாறுவது டிரம்மரிடம்தான். இரண்டு பாருக்கு (ஒரு பார் என்பது நான்கு தட்டு) அரைத்தட்டாக 16 என்று எண்ணுங்கள். லத்தீன் தாளத்துக்கு அடிப்படையான 3-2 கிளாவே (முதல் பாரில் மூன்று அடி, அடுத்ததில் இரண்டு) 1, 4, 7, 11, 13-இல் விழும். ராக் டிரம்மரின் ஸ்நேர் முரசு 3, 7, 11, 15-இல். காங்கோவின் ஸ்லாப் (பளீரென்ற அறை அடி) 3, 11-இல் வருவதால் அங்கே ஸ்நேரோடு சேர்ந்து நன்றாக இருக்கும். திறந்த அடிகள் 7, 8, 15, 16-இல். 7-லும் 15-லும் ஸ்நேர் ஓங்கி விழுந்தால் காங்கோ காணாமல் போகும். அந்த இரண்டில் மட்டும் கிராஸ் ஸ்டிக் (குச்சியைக் கிடத்தி விளிம்பில் தட்டுவது) வாசிக்கச் சொல்லுங்கள். 1969-இல் அமெரிக்காவின் வுட்ஸ்டாக் இசை விழா மேடையில் சான்டானா குழுவின் டிரம்ஸ், காங்கோ, டிம்பாலிஸ் மூன்றையும் மூவர் வாசித்தும் நெரிசல் இல்லையே, அதைக் காதால் கற்பது உத்தமம்.

ஏற்காடு நிகழ்ச்சிக்கு எடுத்துப் போனால் மூடுபனியில் தோல் ஈரம் இழுத்துத் தொய்யும்; சுருதியை மேலே போய், மேடை விளக்கு போட்ட பிறகே சேருங்கள். முடிந்ததும் வண்டியில் ஏற்றுமுன் ஒவ்வொரு நட்டையும் ஒரு முழுச் சுற்று தளர்த்த வேண்டும். இல்லையென்றால் கொண்டை ஊசி வளைவெல்லாம் இறங்கிச் சேலத்து வெயிலுக்கு வரும்போது, காயும் தோல் தானே இறுகி விளிம்பில் கிழியலாம்.

கடையில் ஸ்டாண்டு இரண்டு காங்கோவுக்கு மட்டும்தான். தும்பாவைத் தரையில் வைக்கும்போது ஒரு பக்கம் கட்டை கொடுத்துத் தூக்கிவையுங்கள். அடிவாய் அடைபட்டால் கனத்த ஒலி வெளியே வராது.